ஒரு செமஸ்டர் போய்வந்தவர்களுக்கு கிரெடிட் ஏறவில்லையா?

ஐரோப்பாவில் ஒரு செமஸ்டர் படித்து வந்த மாணவர்களின் கிரெடிட்டைத் துறை ஏற்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் கிளம்பும் முன்பே சிக்கல் விழுந்துவிடும்: பாடத்தின் பெயரைப் பார்த்தே ஒப்புதல் கொடுத்திருப்பார்கள். பாடத்திட்டத்தை வாங்கி அலகு அலகாக ஒப்பிடுங்கள். அங்கே முழு ஆண்டுக்கு 60 ஈசிடிஎஸ் (ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் பொதுவான கிரெடிட்), செமஸ்டருக்கு 30. ஒரு கிரெடிட் என்பது தானாகப் படிக்கும் நேரத்தையும் சேர்த்து 25 முதல் 30 மணி. வகுப்பு நேரத்தை மட்டும் எண்ணும் துறை இதை ஒன்றுக்கு ஒன்று போட்டால் கணக்கு உதைக்கத்தான் செய்யும். மாற்று விகிதத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

அங்கே எந்தப் பாடங்களைப் படிப்பது, இங்கே அவை எதற்கு ஈடு என்று எழுதும் கற்றல் ஒப்பந்தத்தில் மாணவர், இரண்டு பல்கலைக்கழகங்கள் என மூன்று கையெழுத்தும் பயணத்துக்கு முன்பே வேண்டும். போன பிறகு பாடம் நடக்கவில்லை, நேரம் மோதுகிறது என்பதெல்லாம் சகஜம். மாற்றாக இரண்டு பாடங்களுக்கு இப்போதே ஒப்புதல் வாங்கி வையுங்கள். அங்கே பாடம் மாறினால் ஒப்பந்தத்தையும் உடனே திருத்தி, மூவரும் மறுபடி கையெழுத்திட வேண்டும்.