இரண்டு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு பால் கொடுக்கலாம்?

பிள்ளை சாப்பாட்டைத் தள்ளிவிட்டுப் பாலாகவே குடிக்கிறது, பரவாயில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். 100 மில்லி பசும்பாலில் சுமார் 120 மில்லிகிராம் கால்சியமும் 3 கிராமுக்கு மேல் புரதமும் இருக்கிறது, சரி, ஆனால் இரும்புச்சத்து கிட்டத்தட்ட இல்லவே இல்லை. வயிறு பாலிலேயே நிரம்பிவிட்டால் பருப்பு, கீரை, முட்டை எல்லாம் உள்ளே போக இடமிருக்காது, அப்புறம் ரத்தசோகை எட்டிப்பார்க்கும். ஒரு நாளைக்கு அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம், சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் வேண்டவே வேண்டாம்.

பெரியவர்களுக்குப் பால் குடித்தால் வயிறு உப்புகிறதா? தயிருக்கு மாறிப் பாருங்கள், வயிற்றை உப்பவைக்கும் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையில் ஒரு பகுதியை பாக்டீரியா ஏற்கெனவே தின்று தீர்த்திருக்கும். வெண்ணெயை மட்டும் பால் கணக்கில் சேர்க்காதீர்கள், அதில் பெரும்பாலும் கொழுப்புதான். கடையும்போதே கால்சியம் மோரோடு போய்விடுகிறது.