விளக்கமறியலில் அடி விழுந்தால் எம்.பி.யிடம் சொன்னால் போதுமா?

திருகோணமலைச் சிறையில் விளக்கமறியலில் இருக்கும் தம்பியை அடித்ததாகவும், எம்.பி.யிடம் சொன்னால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சொல்லுங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். எம்.பி. பாராளுமன்றத்தில் அமைச்சரைக் கேள்வி கேட்கலாம். அந்தச் சத்தமும் வீணல்ல: 2021இல் அநுராதபுரச் சிறையில் தமிழ்க் கைதிகளை மிரட்டியதாகத் தன்மீது குற்றச்சாட்டு எழுந்ததும், அப்போதைய இராஜாங்க அமைச்சர் லொஹான் ரத்வத்த சிறைச்சாலைப் பொறுப்பிலிருந்து விலகினார்.

ஆனால் உங்களுக்கு முக்கியம் நாட்கணக்கு. அரசு அதிகாரிகள் உரிமையை மீறினால் போடும் அடிப்படை உரிமை மனுவை, சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். கொழும்புக்கு ஓடக் காசும் நேரமும் யாருக்கு இருக்கிறது? சரி, அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டுவிட்டால், அந்த ஆணைக்குழுவின் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது. முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்து, முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். அப்புறம், அடுத்த வழக்குத் தவணையில் நீதவானிடம் காயத்தைக் காட்டி மருத்துவப் பரிசோதனை கேட்கத் தம்பியிடம் சொல்லுங்கள், தாமதித்தால் காயம் ஆறிவிடும்.