இறக்கத்தில் எந்த கியர்?

கேள்வி: புதிய கார் வாங்குவதற்காக மலையிறங்கி ஒரு ஷோரூமுக்குக் குடும்பத்துடன் சென்றோம். ஆட்டோமேட்டிக் வண்டி, மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் எங்கள் பர்லியாறு மலைப்பாதையில் எப்படி இறங்கும் என்று கேட்டேன். "எல்லா ரோட்டிலும் சூப்பராகப் போகும் சார்" என்று சொல்லிவிட்டு, சன்ரூஃபைத் திறந்து காட்டத் தொடங்கினார் விற்பனைப் பிரதிநிதி. இரண்டாம் முறை கேட்டபோது கைப்பேசியில் தேடினார். தாம் விற்கும் வண்டியைப் பற்றி இவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம்தானா? "சின்னப் பையன், பாவம், விடுங்கள்" என்கிறார் என் மனைவி.
– வாசகர், குன்னூர்

பதில்: முழுக்க நியாயம். உங்கள் மனைவியின் இரக்கத்திலும் நியாயம் உண்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில், நீங்கள் கேட்டது ஏதோ நுணுக்கமான பொறியியல் கேள்வி என்று அந்த ஷோரூமில் யாராவது நினைத்திருந்தால், அந்த எண்ணம் தவறு. மலையில் குடியிருப்பவர் கார் வாங்கும்போது முதன்முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

குன்னூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 320 மீட்டரில். ஆட்களோடும் சாமான்களோடும் 1,400 கிலோ எடையுள்ள ஒரு வண்டி இந்த 1,500 மீட்டரை இறங்கும்போது விடுபடும் ஆற்றல், கணக்குப் போட்டால், ஐந்தரை யூனிட் மின்சாரத்துக்கு மேல் வருகிறது. அதில் ஒரு பகுதியை டயரின் உராய்வும் காற்றின் தடையும் வாங்கிக்கொள்கின்றன. மீதியை எஞ்சின் தாங்க வேண்டும், அல்லது பிரேக் தாங்க வேண்டும். பிரேக் மட்டுமே தாங்கினால் பேடுகள் அளவுக்கு மீறிச் சூடாகிப் பிடிமானம் குறைகிறது. பிரேக் ஆயிலை மாற்றி நெடுநாளாகி அது ஈரத்தை உறிஞ்சியிருந்தால், குறைந்த வெப்பத்திலேயே அது கொதித்து, மிதித்த பெடல் தரைவரை போய்விடும். ஏறும் கியரிலேயே இறங்க வேண்டும் என்று மலைப்பாதை ஓட்டுநர்கள் தலைமுறையாகச் சொல்லிவருவது, கீழ் கியரில் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும் என்பதால்தான்.

கையால் கியர் மாற்றும் வண்டிக்கு அந்த விதி போதும். ஆட்டோமேட்டிக் என்றால் கதை வேறு. கிளட்சையும் கியரையும் இயந்திரமே இயக்கும் ஏ.எம்.டி., கியர் படிகள் இல்லாத சி.வி.டி., எண்ணெய் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் என்று மூன்று வகையும் மூன்று விதமாக நடந்துகொள்ளும். லீவரை வழக்கமாக முன்னே ஓட்டும் நிலையான டி-யில் போட்டுவிட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பல வண்டிகளில் கியர்பாக்ஸ் தானாகவே மேல் கியருக்குத் தாவி எஞ்சினின் பிடியைத் தளர்த்திவிடும். ஆகவே நீங்கள் பார்த்த வண்டியில் கீழ் கியரில் நிறுத்திவைக்க எம், எல், எஸ் என்று தனி நிலை ஏதும் உண்டா, அந்த நிலையில் அது இரண்டாம் கியரை விடாமல் பிடித்திருக்குமா, கொண்டை ஊசி வளைவில் வேகம் குறைந்தால் என்ன செய்யும் என்பவற்றை, இருக்கையில் உட்காரவைத்து, லீவரைத் தொட்டுக் காட்டிச் சொல்லியிருக்க வேண்டியது அந்தப் பிரதிநிதியின் வேலை. ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அங்கே இந்த விளக்கத்தை யாரும் கைப்பேசியில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

ஏற்றத்தைப் பற்றியும் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் காற்றின் அடர்த்தி குறைவு. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சின் அங்கே தன் திறனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். டர்போ உள்ளதற்கு அந்த இழப்பு குறைவு. விலைப்பட்டியலோடு கொடுக்கும் வண்ணத்தாளில் அச்சிட்ட குதிரைத்திறன் மலை உச்சிக்கான கணக்கு அல்ல. டீசல் வண்டியைப் பரிந்துரைப்பவர் இன்னொன்றையும் சொல்லக் கடமைப்பட்டவர். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்னும் புகை மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தபின் டீசல் கார்களில் பொருத்தப்படும் புகைக்கரி வடிகட்டி, சேர்ந்த கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள, வண்டி சில நிமிடங்களாவது சீரான வேகத்தில் ஓடியாக வேண்டும். வீட்டிலிருந்து பெட்போர்டு கடைத்தெருவுக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் மட்டும் குறைந்த வேகத்தில் போய்வரும் வண்டிக்கு அந்த வாய்ப்பு அரிது.

மின்சாரக் கார் வாங்க நினைத்தால், இறக்கத்தில் மோட்டாரே பிரேக்காகி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் என்று பெருமையாகச் சொல்வார்கள். அது உண்மை, நம் மலைக்குப் பெரிய வரமும்கூட. ஆனால் இரவு முழுவதும் வீட்டில் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டுக் காலையில் நேராகக் கீழே இறங்கினால், நிறைந்த பேட்டரியில் மேலும் ஏற்ற இடம் இல்லாததால், பல வண்டிகளில் மோட்டாரின் அந்தப் பிடி வெகுவாகக் குறைந்து, சாதாரண பிரேக்கே சுமையைத் தாங்க வேண்டிவரும். மலைமேல் வீடுள்ளவர் சார்ஜை எண்பது, தொண்ணூறில் நிறுத்த வேண்டும் என்ற இந்த ஒரு வரியை, மலைக்காரருக்கு மின்சாரக் கார் விற்கும் ஒவ்வொருவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும் என்பேன்.

இனி உங்கள் மனைவி சொன்னதற்கு வருகிறேன். அந்த இளைஞருக்கு எந்த வேரியன்ட்டில் எந்த நிறம் கிடைக்கும், பழைய வண்டிக்கு எவ்வளவு கழிப்பார்கள், மாதத் தவணை எவ்வளவு, ஆன்ரோடு விலை என்ன என்பதெல்லாம் நுனிநாக்கில் இருந்திருக்கும். அதுவும் அறிவுதான், வாங்குபவருக்கு அது வேண்டும். அவரிடம் மாதந்தோறும் கேட்கப்படுவது எத்தனை வண்டி, எத்தனை இன்ஷூரன்ஸ், எவ்வளவு ரூபாய்க்கு உதிரி அலங்காரம் என்பதாக இருக்கும்போது, அவர் கற்பதும் அதையே சார்ந்திருக்கும். பாவம் என்று சொல்ல வேண்டியது அவரைத்தான். பதில் கேட்க வேண்டியது அவரை வேலைக்கு வைத்தவரிடம். டிஎன் 43 என்று நீலகிரிப் பதிவெண் எழுதப்போகும் வண்டிகளை ஆண்டு முழுதும் விற்றுச் சம்பாதிக்கும் ஒரு ஷோரூம், தன் ஊழியர்களை ஐந்து பேர் ஏறிய வண்டியில் ஒரே ஒரு முறை குன்னூர்வரை ஏற்றி இறக்கிக் காட்டுவதற்கு ஆகும் செலவு ஒரு நாள் எரிபொருள்தான். அதைக்கூடச் செய்யாமல் அவர்களை வாடிக்கையாளர் முன் நிறுத்துவதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

தெரியாது என்று சொல்வது குற்றமாகாது. "தெரியவில்லை சார், சர்வீஸ் பிரிவில் கேட்டுச் சொல்கிறேன்" என்றிருந்தால் அவரை நான் பாராட்டியிருப்பேன். தெரியாமலே "சூப்பராகப் போகும்" என்று உறுதி கொடுப்பதுதான் தவறு. ஒரு பொருளின் தரத்தையும் பயனையும் பற்றிப் பொய்யாகச் சொல்லி விற்பதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிகமுறை என்கிறது. அச்சட்டப்படி, வண்டியை எங்கே வாங்கியிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். வாய்வார்த்தையை அங்கே நிரூபிப்பது கடினம் என்பதால், கேள்விகளை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்பிப் பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

முன்பணம் கட்டிவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கட்டவில்லையென்றால், அந்த மாடலின் உரிமையாளர் கையேட்டை நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து எடுத்து, கியர்பாக்ஸ் பற்றிய பகுதியை முதலில் படியுங்கள். பிறகு மேலாளரிடம், சோதனை ஓட்டம் பர்லியாறு வரை ஏறி இறங்குவதாக இருக்க வேண்டும், வண்டியில் உங்கள் குடும்பம் முழுவதும் இருக்கும், சர்வீஸ் பிரிவிலிருந்து ஒருவர் உடன் வர வேண்டும் என்று கேளுங்கள். மறுத்தால், அதே நிறுவனத்தின் வண்டியை விற்கும் வேறொரு ஷோரூமுக்குச் சென்று இதையே கேளுங்கள். உங்கள் மனைவியையும் ஒரு முறை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.