மும்பைக்கு டிக்கெட் எடுக்கும் முன்

கேள்வி: பெருநகர வாழ்க்கையைப் பற்றிப் பரிசோதனைக் குறும்படம் எடுக்கப் போகிறேன். 'நகரம் மனிதனைத் தின்கிறது' என்பதுதான் கரு. பின்னணிக் குரலுக்குக் கவிதைகூட எழுதிவிட்டேன். திருநெல்வேலியில் இதற்கு என்ன கிடைக்கும்? மும்பைக்குப் போவதுதானே சரி?
- கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

பதில்: போகலாம் தம்பி, ஆனால் இப்போது வேண்டாம். பார்க்காத ஊருக்குத் தீர்ப்பு எழுதி வைத்துவிட்டீர்கள். இனி அங்கே எதைப் பார்த்தாலும் அந்தக் கவிதைக்குப் பொருந்துமா என்றுதான் பார்ப்பீர்கள்.

நெதர்லாந்து இயக்குநர்கள் ஜோரிஸ் ஐவன்ஸும் மன்னஸ் ஃபிராங்கனும் 1929-இல் எடுத்த 'மழை' (Regen) படத்தைத் தேடிப் பாருங்கள். ஆம்ஸ்டர்டாமில் மழை வருகிறது, பெய்கிறது, விடுகிறது. பத்துப் பன்னிரண்டு நிமிடப் படத்தில் நடப்பது இவ்வளவுதான். கால்வாய்த் தண்ணீரில் துளி விழுகிறது, தெருவெல்லாம் குடை விரிகிறது, ஈரத் தரையில் ஆட்களின் நிழல் நெளிகிறது. பார்ப்பவருக்கு ஒரே மழைதான். ஆனால் அது மாதக்கணக்கில் வெவ்வேறு நாள் பெய்த மழைகளை வெட்டி ஒட்டியது. கேமராவைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டுவதைவிட இந்தப் பொறுமை பெரிய பரிசோதனை.

இந்தி இயக்குநர் மணி கௌல் 1980-இல் அரசின் ஆவணப்பட நிறுவனமான ஃபிலிம்ஸ் டிவிஷனுக்காக எடுத்த 'அரைவல்' (Arrival) படத்தில் சரக்கும் கூலியாட்களும் மும்பைக்கு வந்து இறங்குவார்கள். சரி, அப்படி இறங்குகிறவர்கள் எங்கிருந்து கிளம்புகிறார்கள்? தாராவியில் நெல்லைச் சீமைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். சென்னையைக் கேட்கவே வேண்டாம். பொங்கல் லீவு முடிகிற ராத்திரி ஜங்ஷனுக்குப் போய் நில்லுங்கள். நெல்லை எக்ஸ்பிரஸ் பிளாட்பாரத்துக்கு வந்து நிற்பதற்குள் முன்பதிவில்லாப் பெட்டியின் ஜன்னலில் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிற கையைப் பாருங்கள். சாக்கில் வீட்டு அரிசி, அதன் மேல் கருப்பட்டிப் பொட்டலம். தாத்தாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வர மறுக்கிற பிள்ளையை இழுத்து வாங்குகிற தகப்பன், இரண்டொரு நாளில் சென்னையில் யாரோ ஒருவருடைய கடையில் கல்லாவுக்கு முன்னால் நிற்பார். பெருநகர வாழ்க்கையின் பாதி இந்தப் பிளாட்பாரத்தில் இருக்கிறது. அதை எடுக்க உங்களைவிடத் தோதான ஆள் கிடையாது.

ரயில்வே அனுமதி வாங்கிவிட்டு எடுங்கள். முகத்துக்குக் கிட்டே போகும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். டிரோன் வேண்டாம். கவிதையும் வேண்டாம், அந்த இடத்துச் சத்தமே போதும். ஒரு விடுமுறையோடு விட்டுவிடாமல் தீபாவளிக்கும் போங்கள், கூட்டமில்லாத சாதாரண நாளிலும் போங்கள். வெட்டி ஒட்டியதும் எனக்கு அனுப்புங்கள். உட்கார்ந்து பார்த்து எழுதுகிறேன்.