கிரீன்ஸ்போரோவில் சீட்: அரசுப் பணம் கல்லூரிக்கா, பிள்ளைக்கா?

அமெரிக்காவின் கிரீன்ஸ்போரோ நகரில் உள்ள வட கரோலினா ஏ அண்ட் டி பல்கலைக்கழகத்தில் மகளுக்கு மெக்கானிக்கல் இன்ஜினியரிங் கிடைத்திருக்கிறது, வாழ்த்துகள். சந்தோஷத்தோடு பயமும் எழுதியிருக்கிறீர்கள். கறுப்பினப் பிள்ளைகளுக்கான கல்லூரி, அதுவும் அரசு உதவியில் ஓடுவது, தரம் எப்படி இருக்கும், நம் பெண்ணை அங்கே சேர்க்கலாமா என்று.

அந்த உதவி எதனால் வந்தது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். 1890-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. நிலமானியக் கல்லூரிகளுக்கான (மத்திய அரசு மாநிலங்களுக்கு நிலம் கொடுத்து, அந்த வருமானத்தில் நடத்த வைத்த கல்லூரிகள்) பணம் வேண்டுமானால், நிறம் பார்க்காமல் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் கறுப்பின மாணவர்களுக்குத் தனியாக ஒரு கல்லூரி நடத்த வேண்டும் என்றது. தென் மாநிலங்கள் தனிக் கல்லூரியைத்தான் தேர்ந்தெடுத்தன. ஏ அண்ட் டி 1891-இல் அப்படித்தான் பிறந்தது. அதன் பிறகும் இப்படிப் பிறந்த கல்லூரிகளுக்குச் சேர வேண்டியதை மாநிலங்கள் முழுசாகக் கொடுக்கவில்லை. 1987 முதல் 2020 வரை மட்டும் 1,200 கோடி டாலருக்கும் மேல் குறைத்துக் கொடுத்திருக்கிறீர்கள் என்று 2023-இல் மத்திய அரசே 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதியது. வட கரோலினாவுக்கும் கடிதம் போனது. ஆக, இது தரம் குறைந்த கல்லூரிக்குப் போடும் தானம் இல்லை; பாக்கியில் ஒரு பகுதிதான். இவ்வளவு குறைத்துக் கொடுத்தும், நாட்டிலேயே அதிகக் கறுப்பின இன்ஜினியர்களை உருவாக்குவது இந்தக் கல்லூரிதான். இன்று அங்கே 14,000-க்கும் மேற்பட்டவர்கள் படிக்கிறார்கள், எல்லா இனத்தவரும் சேரலாம்.

சரி, பணத்துக்கு வருவோம். இங்கேதான் பெற்றோர் பலர் குழம்புகிறார்கள்.

1965 உயர்கல்விச் சட்டத்தின் கீழ் கறுப்பினக் கல்லூரிகளுக்கென்று வரும் நிதி நேராகக் கல்லூரிக்குப் போகும். லேப், நூலகம், பேராசிரியர், டியூட்டரிங் எல்லாம் அதில் நடக்கும். பெல் கிராண்ட் (வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மத்திய அரசு தரும், திருப்பித் தர வேண்டாத பணம்) வாங்கும் மாணவர்கள் எத்தனை பேர், பட்டம் முடித்தவர்கள் எத்தனை பேர், மேல்படிப்புக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று பார்த்து அதைப் பங்கிடுகிறார்கள். இதில் ஒரு பகுதி ஆண்டுதோறும் பட்ஜெட்டில் இழுபறியாகும். ஆனால் 2019 சட்டப்படி இந்தக் கல்லூரிகளுக்கெல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 8.5 கோடி டாலர் நிரந்தரமாக ஒதுக்கியாகிவிட்டது. ஒரு வருடம் நிதி குறைந்தால் புதுக் கட்டடம் தள்ளிப் போகலாம். அதற்காக மகளின் பட்டம் பாதியில் நின்றுவிடாது.

பிள்ளையின் கைக்கு வரும் பணம் வேறு. பெல் கிராண்ட் எந்தக் கல்லூரியில் படித்தாலும் உண்டு, குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தருவார்கள். 2024-25-இல் அதிகபட்சம் 7,395 டாலர். மகளிடம் கிரீன் கார்டு இருப்பதால் ஃபாஃப்சா படிவம் (மத்திய அரசின் கல்வி உதவிக்கான விண்ணப்பம்) போடலாம், இன்னும் போடவில்லை என்றால் இந்த வாரமே போடுங்கள். (எச்-4 என்ற குடும்ப விசாவிலோ எஃப்-1 என்ற மாணவர் விசாவிலோ இருக்கும் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் இந்த உதவி கிடையாது. இதைத் தெரியாமல் கணக்குப் போட்டு ஏமாறுகிறவர்கள் உண்டு.)

அமெரிக்க விவசாயத் துறை இந்த 1890 சட்டக் கல்லூரிகளில் படிப்பவர்களுக்குத் தரும் '1890 ஸ்காலர்ஸ்' உதவித்தொகையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். டியூஷன், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அதில் அடங்கும். ஆனால் அமெரிக்கக் குடியுரிமை வேண்டும், விவசாயம் சார்ந்த படிப்பாக இருக்க வேண்டும், உதவி வாங்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு வருடம் அந்தத் துறையில் வேலை பார்க்க வேண்டும். மகளுக்குப் பொருந்தாது. அமெரிக்காவிலேயே பிறந்த உங்கள் சின்ன மகனுக்கு ஒருநாள் உதவலாம். 2025 பிப்ரவரியில் இதை நிறுத்திவைத்துவிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் மறுபடி திறந்தார்கள். அதனால் இதை மட்டும் நம்பித் திட்டம் போட வேண்டாம்.

செலவுதான் பெரிய கவலை என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. உங்கள் மாநிலத்திலேயே எலிசபெத் சிட்டி, ஃபயட்வில் ஆகிய இரண்டு அரசுப் பல்கலைக்கழகங்களில், இவையும் கறுப்பினக் கல்லூரிகளாகத் தொடங்கியவைதான், மாநில மாணவர்களுக்கு ஒரு செமஸ்டர் டியூஷன் 500 டாலர்தான். மிச்சத்தை மாநில அரசு கட்டிவிடும். ஆனால் இன்ஜினியரிங்தான் வேண்டும் என்பதில் மகள் உறுதியாக இருந்தால், என் ஓட்டு ஏ அண்ட் டிக்குத்தான்.

நிதியுதவி அலுவலகத்துக்கு மகளே போன் செய்து பேசட்டும். ஆஃபர் லெட்டரில் உள்ள ஸ்காலர்ஷிப் நான்கு வருடமும் தொடருமா, எவ்வளவு ஜி.பி.ஏ. (சராசரி மதிப்பெண்) வைத்திருக்க வேண்டும், எவ்வளவு கடன், எவ்வளவு திருப்பித் தர வேண்டாத பணம் என்று தனித்தனியாகக் கேட்கட்டும். பதிலை மெயிலில் வாங்கி எனக்கும் அனுப்புங்கள், மற்ற கல்லூரிகளின் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.