62 வயது அம்மாவை ஸ்னோஷூ பந்தயத்தில் ஓட விடலாமா?

கேள்வி: 62 வயதான என் அம்மா ஜனவரியில் பிரான்ஸில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறார். தினமும் பாண்டி கடற்கரைச் சாலையில் ஓடுகிறவர். அங்கே பனியில் நடக்கும் ஸ்னோஷூ சாம்பியன்ஷிப் ஓட்டத்தில் பெயர் கொடுக்கப் போகிறேன் என்கிறார். விடலாமா?

பதில்:

"விடலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த ஒரு சொல்லுக்காகத்தான் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கன்றுக்குட்டியை அவிழ்த்து விடலாமா என்று கேட்கிற மாதிரி இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி (தங்கையாகவும் இருக்கலாம், பெயர் போடாமல் கேட்டிருக்கிறீர்கள்). அக்கறையில் கேட்டதுதான், புரிகிறது. 2019இல் என் மகனும் இதே சொல்லைத்தான் போட்டான், குடும்ப வாட்ஸ்அப் குழுவில். அந்தக் குழுவில் நானும் இருக்கிறேன் என்பதை மறந்துவிட்டான்.

நான் முத்தியால்பேட்டைக்காரி. அரசுப் பள்ளியில் தமிழ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். 54 வயதில் சர்க்கரை எட்டிப் பார்த்ததால் ஓட ஆரம்பித்தேன். காலை ஏழரை வரை கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள் அல்லவா, அதற்குள் காந்தி சிலையைச் சுற்றி நாலைந்து முறை. உங்கள் அம்மாவை நான் பார்த்துக்கூட இருப்பேன். பந்தயம் ஓடியபோது எனக்கு 61. இப்போது 67.

ஸ்னோஷூ என்ன என்று தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. பிரான்ஸில் அதை ரக்கெத் என்கிறார்கள், டென்னிஸ் மட்டைக்கும் அதே பெயர்தான். பழைய காலத்தில் மரச்சட்டத்தில் தோல்வார் பின்னியிருப்பார்கள், பார்த்தால் மட்டையைக் காலில் கட்டிக்கொண்ட மாதிரியே இருக்கும். இப்போது அலுமினியம், பிளாஸ்டிக். ஷூவோடு அதன்மேல் ஏறி நின்று வாரை இழுத்துக் கட்ட வேண்டும். எடை அகலமாகப் பரவுவதால் கால் பனியில் முழங்கால் வரை புதையாது. முன்பாதம் மட்டும்தான் கட்டு, குதிகால் தூக்கிக்கொண்டு வரும், நம் ரப்பர் செருப்பு போல. அடியில் வழுக்காமல் இருக்க இரும்புப் பல். நடப்பதற்கானது பெரியது, ஓட்டத்துக்கானது சிறியது. சிறியதாக ஆக ஆக வேகம் கூடும் என்பதால், அமெரிக்கப் போட்டிகளில் 120 சதுர அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்று விதியே வைத்திருக்கிறார்கள். ஒரு ஏ4 தாளைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான்.

என் மகளைக் கொடுத்தது ஒரு சொல்தா வீட்டில். மாப்பிள்ளையின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அதனால் குடும்பத்துக்கே அந்த ஊர்க் குடியுரிமை. கிரெனோபிள் நகரத்தில் இருக்கிறார்கள், நாலா பக்கமும் மலை. முதல் பிரசவத்துக்குப் போனபோதுதான் மாப்பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை வெர்கோர் மேட்டுநிலத்துக்குக் கூட்டிப்போய் ரக்கெத் கட்டிவிட்டார். பத்தடி நடப்பதற்குள் என் வலது காலால் என் இடது ரக்கெத்தின் வாலையே மிதித்து முகம் குப்புற விழுந்தேன். பனி வலிக்கவில்லை. அதுதான் எனக்குப் பிடித்துப்போயிற்று. இந்த வயதில் விழுந்தும் வலிக்காத ஓர் இடம் உலகத்தில் இருக்கிறதே என்று.

இரண்டாவது பிரசவத்துக்குப் போவதற்கு முன்பே முடிவு செய்துவிட்டேன். மாப்பிள்ளை பெயர் கொடுத்தும் விட்டார், 8 கிலோமீட்டர், அந்த வட்டாரத்து சாம்பியன்ஷிப். இங்கே எங்கே போய்ப் பழகுவது? மார்கழியில் 20 டிகிரிக்கு இறங்கினாலே மப்ளர் கட்டும் ஊர் நம்முடையது. வீராம்பட்டினத்துக்குப் போனேன். ஈரமில்லாத பொடிமணலில், காலை அகட்டி வைத்து, முழங்காலைத் தூக்கித் தூக்கி ஓடினேன். மணலும் பனி போலத்தான், உதைக்கிற பலத்தில் பாதியைத் தின்றுவிடும். ஒரு வாரம் இதைப் பார்த்துக்கொண்டே வலை உதறிக்கொண்டிருந்த ஓர் அம்மா கடைசியில் கேட்டார், "ஏன் டீச்சர், கம்மல் ஏதாச்சும் தொலைச்சிட்டீங்களா? சொன்னா பசங்கள விட்டுத் தேடச் சொல்றேன்." பந்தயம் என்று விளக்கினேன். "பனியிலயா?" என்றார். அதற்கப்புறம் தினமும் எனக்கு நேரம் குறித்துச் சொன்னது அவர்தான், அலைபேசியில் பாட்டை நிறுத்திவிட்டு.

மருத்துவச் சான்று கேட்டார்கள். போட்டி ஓட்டத்துக்கு உடம்பில் தடை ஏதும் இல்லை என்று டாக்டர் எழுதித் தர வேண்டியிருந்தது. இங்கே நான் போன ஒரு டாக்டர் கம்ப்யூட்டரிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. "வாக்கிங் போங்க, கோயிலுக்குப் போங்க, போதும்" என்றார். ஸ்டெதஸ்கோப் அவர் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அங்கே போய் மகள் வீட்டுப் பக்கத்தில் ஒரு பெண் டாக்டரைப் பார்த்தோம். பிரஷர் பார்த்தார், ஈசிஜி எடுத்தார், அப்புறம் 45 விநாடியில் 30 முறை உட்கார்ந்து எழச் சொன்னார். முன்னால் நாடி, முடித்ததும் நாடி, ஒரு நிமிடம் கழித்து மறுபடி நாடி. ஆயுசு முழுக்கக் குந்தி உட்கார்ந்து கோலம் போட்டு, குந்தி உட்கார்ந்து பாத்திரம் தேய்த்தவளுக்கு 30 ஒரு கணக்கா? டாக்டரம்மா சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்கள் கேள்விக்கு உண்மையில் பதில் சொல்ல வேண்டியது நானோ நீங்களோ இல்லை, அந்த நாடிதான். குளிரில் ரத்தக் குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும். அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை இருந்தால், நெஞ்சில் ஏதாவது பழைய கதை இருந்தால், இங்கேயே எல்லாம் பார்த்துவிட்டுப் போகட்டும். நான் டாக்டர் இல்லை. "உன் பேச்சைக் கேட்டு எங்கம்மாவுக்கு ஆச்சு" என்று யாரும் வந்து நிற்க வேண்டாம். இன்னொன்று, விசாவுக்கு எடுக்கும் பயணக் காப்பீட்டை நுணுக்கி நுணுக்கிப் படியுங்கள். போட்டி விளையாட்டு என்றால் பணம் தரமாட்டோம் என்று பல பாலிசிகளில் எங்காவது ஒரு மூலையில் போட்டிருக்கும். தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும்.

பந்தயத்தன்று மைனஸ் 6. இரவே தேங்காய் எண்ணெய் பாட்டிலில் கல்லாகிக் கிடந்ததால் வெறும் தலையைப் பின்னிக்கொண்டு போனேன். மாப்பிள்ளை ஒன்று சொல்லியிருந்தார், புறப்படும்போது கதகதப்பாக இருந்தால் அதிகம் உடுத்தியிருக்கிறோம் என்று அர்த்தமாம். ஓட ஆரம்பித்தால் வேர்க்கும், அந்த வேர்வை அப்புறம் உடம்பிலேயே குளிர்ந்துவிடும். பருத்தி கூடவே கூடாது. நான் அவருக்குத் தெரியாமல் உள்ளே ஒரு பருத்தி பனியனைப் போட்டுக்கொண்டேன். பழக்கம். மூன்றாவது கிலோமீட்டரில் அது நனைந்து முதுகில் ஒட்டியபோதுதான் மாப்பிள்ளை சொன்னது புரிந்தது. போதாததற்கு ரக்கெத்தின் வால் ஒவ்வோர் எட்டுக்கும் பனியை வாரிப் பின்பக்கம் முழுக்க எறியும். முன்னால் ஓடுகிறவர்களைப் பார்த்தால் யாரோ பின்னாலிருந்து மாவு சலித்து அவர்கள்மேல் கொட்டின மாதிரி இருந்தார்கள்.

கடைசி வரிசையில் ஓடுவதில் ஒரு லாபம் உண்டு. முன்னால் போன நூறு பேர் பாதையை மிதித்து இறுக்கி வைத்திருப்பார்கள். யாரையாவது முந்த வேண்டுமென்றால்தான் பாதையை விட்டு இறங்க வேண்டும், அங்கே ரக்கெத்தோடும் முழங்கால் வரை போகும். நான் யாரையும் முந்தவில்லை, அந்தத் தொல்லை எனக்கு இல்லை.

ஏற்றத்தின் நடுவில் இடது கால் வார் கழன்றது. கையுறையோடு அந்தக் கொக்கியைப் பிடிக்க முடியவில்லை. கழற்றினேன். ஒரு நிமிடம்கூட இருக்காது, விரல் என்னுடையதாகவே இல்லை. வாரின் நுனி துளைக்குள் போகிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, தொட்டுத் தெரியவில்லை. அழுகை வந்துவிட்டது, உண்மையைச் சொல்கிறேன். அப்போது பின்னாலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பாட்டி வந்தார், எழுபது இருக்கும். ஒரு வார்த்தை பேசவில்லை. பனியில் ஒற்றை முழங்காலை ஊன்றி, என் காலைத் தன் தொடைமேல் தூக்கி வைத்து, வாரை இழுத்து, நுனியை மடக்கிச் செருகிவிட்டார். அப்புறம் என் கையுறை இரண்டையும் எடுத்துத் தன் வாயருகே வைத்து உள்ளே ஊதி, அதன் பிறகுதான் மாட்டிவிட்டார். நான் "மெர்சி, மெர்சி" என்றேன், வேறு என்ன தெரியும் எனக்கு. அவர் எழுந்து என்னை முந்திக்கொண்டு போய்விட்டார். பெரியவர் என்றாலும் பந்தயம் பந்தயம்தானே.

1 மணி 41 நிமிடத்தில் முடித்தேன். 60 முதல் 69 வரை பெண்களுக்கு ஒரே பிரிவு. அதில் ஓடியது மூன்று பேர், நான் மூன்றாவது. மூன்றில் மூன்றாவது என்று சிரிக்கலாம், என் மகனும் சிரித்தான். மேடையில் ஏற்றினார்கள். பரிசு, அந்த மலையின் நீலப்பூஞ்சை பிடித்த சீஸ் ஒரு துண்டு. வாசனை பேருந்து முழுக்க வந்தது. ஆனால் 60 வயது ஆணுக்கும் அதே சீஸ்தான், அதே அளவுதான், நான் எட்டிப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்றால், இங்கே நம் பக்கத்து ஓட்டம் ஒன்றில் 50 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கு ரொக்கப் பரிசு, பெண்களுக்கு ஹாட் பாக்ஸ். 50க்காரியும் 70க்காரியும் ஒரே பிரிவு. பரிசு கொடுக்கும்போது மைக் செட்டுக்காரர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அந்த ஹாட் பாக்ஸில்தான் இன்றைக்கும் இட்லி வைக்கிறேன், திறக்கும்போதெல்லாம் எரிச்சலாக வருகிறது. மூத்தோருக்கான மாஸ்டர்ஸ் தடகளத்தில் 35 வயதிலிருந்து ஐந்தைந்து வருடமாகப் பிரிப்பது உலகம் முழுக்க இருக்கும் வழக்கம். நம் ஊர் ஓட்டங்களில் மட்டும் 50 தாண்டினால் எல்லோரும் ஒரே கிழவி.

சரி, கேட்காததை இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் அக்கா வீட்டில் குழந்தை இருக்கிறதா? இருக்கும். 90 நாள் விசாவில் பார்வையாளர் என்றுதான் போட்டிருக்கும். போய் இறங்கின மறுநாளிலிருந்து அடுப்படி, குழந்தைக் குளியல், துணி மடிப்பு. எனக்குப் பேத்திமேல் உயிர், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறும்போது "இந்த வயசுல முடியுமா, விடலாமா" என்று ஒருவரும் கேட்டதில்லை. ஓடப் போகிறேன் என்றால்தான் வயது ஞாபகம் வருகிறது. என் மகள் இதைப் படித்தால் சண்டைக்கு வருவாள், வரட்டும். பந்தய முடிவுக் கோட்டில் கைக்குழந்தையை நெஞ்சில் கட்டிக்கொண்டு நின்றவள் அவள்தான். கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, அடுத்த மூச்சில் "அம்மா, பால் புட்டிய எந்தப் பையில வெச்சீங்க?" என்றாள்.

பணக்காரக் கூத்து என்று எழுத வருகிறவர்களுக்கு: டிக்கெட் பிரசவத்துக்காக எப்படியும் எடுத்தது. ரக்கெத் ஒரு நாள் வாடகை. ஜாக்கெட் மாப்பிள்ளையின் அக்காவுடையது, கை நீளம், மடித்துவிட்டுக்கொண்டேன்.

மூட்டு போய்விடும் என்கிறார்கள். தார் ரோட்டைவிடப் பனி மெத்தென்று வாங்கிக்கொள்கிறது, எனக்கு முட்டி வலிக்கவில்லை. வலித்தது தொடையின் மேற்பக்கமும் கெண்டைக்காலும், காலைத் தூக்கித் தூக்கி. நாலு நாள் மாடிப்படி இறங்கக் கைப்பிடி வேண்டியிருந்தது. ஓடப் பயமாக இருந்தால் நடக்கலாம். இத்தாலியில் வால் தி நோன் பள்ளத்தாக்கில் 1973இலிருந்து சியாஸ்போலாடா என்று ஒரு ரக்கெத் ஓட்டம் நடக்கிறது, அதில் ஓடுகிறவர்களோடு ஆயிரக்கணக்கான பேர் சும்மா நடந்தே வருகிறார்கள்.

சண்டிகரில் மன் கௌர் என்று ஓர் அம்மா இருந்தார், கேள்விப்பட்டிருப்பீர்கள். 93 வயதில் ஓட ஆரம்பித்து, 101 வயதில், 2017இல் ஆக்லாந்தில் நடந்த உலக மாஸ்டர்ஸ் விளையாட்டில் 100 மீட்டர் தங்கம் வாங்கியவர். அவரை மைதானத்துக்கு முதலில் கூட்டிப்போனதே அவர் மகன்தான். அவரும் ஓடுகிறவர். அதனால் நீங்களும் நாளைக் காலையில் அம்மாவோடு ஒருமுறை வீராம்பட்டினம் மணலில் ஓடிப் பாருங்கள், யார் யாரை விடுவது என்று தெரிந்துவிடும்.

அப்புறம் ஒரு வேலை இருக்கிறது. ரக்கெத்தின்மேல் கட்டுகிற ஷூவை அங்கேயே வாங்கிவிடலாம், ஆனால் அக்காவுக்கு அளவைச் சரியாகச் சொல்லுங்கள். நம் கடையில் 5 என்றால் அங்கே 38. கம்பளி சாக்ஸ் தடிமனாக இருக்கும், 39 வாங்கச் சொல்லுங்கள். நான் 38 போட்டு இரண்டு பெருவிரல் நகத்தையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.