48 ஆயிரம் வாங்கியவர் 34-க்குப் போகலாமா?

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பதினொரு வருடமாக மெர்ச்சன்டைசர் வேலை (பையரோடு பேசி, ஆர்டர் முடிந்து சரக்கு போகும் வரை கவனிப்பது) பார்க்கிறேன். கடைசி ஆறு வருடம் ஒரே கம்பெனி, சம்பளம் 48,000, அதில் பேசிக் 24,000. எங்களுக்கு வந்த ஆர்டரில் முக்கால்வாசி அமெரிக்காவுக்குப் போவது. 2025 ஆகஸ்ட்டில் அங்கே வரி 50 சதவீதம் ஆனதும் ஆர்டர் நின்றது, செப்டம்பர் கடைசியில் என்னையும் சேர்த்துச் சிலரை நிறுத்திவிட்டார்கள். நான்கு மாதமாகத் தேடுகிறேன். இப்போது அவிநாசி ரோட்டில் ஒரு சின்னக் கம்பெனி 34,000 தருகிறேன் என்கிறது, அவர்களுக்கு இங்கிலாந்து பையர்தான் அதிகம். மனைவி தனியார் பள்ளியில் டீச்சர், 13,000 வாங்குகிறாள். வாடகை, இரண்டு பிள்ளைகள் பீஸ், மளிகை, சீட்டு, நகைக்கடன் வட்டி எல்லாம் சேர்ந்து மாதம் 41,500. கையில் 90,000 இருக்கிறது. மனைவி சேரச் சொல்கிறாள். மச்சினன், "ஒரு தடவை 34-க்கு இறங்கிட்டீங்கன்னா அப்புறம் உங்க விலை அதுதான் மாமா" என்கிறான். என்ன செய்யட்டும்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்: சேருங்கள். ஆனால் நாளைக்கே போய்த் தலையாட்டிவிட்டு வர வேண்டாம், அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

முதலில் ஒரு கேள்வி. பழைய கம்பெனியில் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, வாங்கினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை, கடைசி மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு அப்படியே வந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஐந்து வருடம் முடித்தவருக்கு அது சட்டப்படி வர வேண்டிய பணம். பேசிக்கை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, எத்தனை வருடம் வேலை பார்த்தீர்களோ அதனால் பெருக்க வேண்டும். உங்கள் 24,000-க்கு ஆறு வருடம் என்றால் சுமார் 83,000 வரும். வேலையை விட்ட 30 நாளுக்குள் கொடுத்திருக்க வேண்டும். எழுத்தில் கேளுங்கள், இழுத்தடித்தால் தொழிலாளர் துறையில் மனு கொடுக்கலாம். நகைக்கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறவர் 83,000 ரூபாயைக் கேட்காமல் விட்டிருந்தால், மச்சினனிடம் பேச வேண்டிய விஷயம் இதுதான்.

இப்போது வீட்டுக் கணக்கு. செலவு 41,500, மனைவி சம்பளம் 13,000, மாதா மாதம் துண்டு விழுவது 28,500. கையில் இருக்கும் 90,000 மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். கிராஜுவிட்டி வந்தால் ஆறு மாதம். 34,000-க்குச் சேர்ந்தால் பிஎப் 1,800 பிடித்தது போக 32,200, மனைவியுடையதைச் சேர்த்து 45,200, செலவு போக கொஞ்சம் மிஞ்சுகிறது. அதாவது இந்தச் சம்பளத்தில் வீடு ஓடும். ஓடாத சம்பளம் என்றால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன், ஏனென்றால் வேலைக்கும் போய்க்கொண்டு மாதா மாதம் கடனும் வாங்குவது, சும்மா இருந்து தேடுவதைவிட மோசம். தேட நேரமும் இருக்காது.

காத்திருந்தால் லாபமா என்பதையும் போட்டுப் பார்த்துவிடலாம். 34,000 வீதம் ஒரு வருடத்துக்கு 4,08,000. அதே தொகையை 48,000 சம்பளத்தில் எட்டரை மாதத்தில் சம்பாதித்துவிடலாம். ஆக, இன்னும் மூன்றரை மாதத்துக்குள் பழைய சம்பளத்திலேயே வேலை கிடைக்கும் என்றால் காத்திருப்பது சரி, அதற்கு மேல் இழுத்தால் நஷ்டம். கிடைக்குமா? நான்கு மாதமாகத் தேடியவர் நீங்கள், உங்களுக்குத்தான் தெரியும். எத்தனை கம்பெனி கூப்பிட்டது, எத்தனை பேர் சம்பளம் பேசும் வரைக்கும் வந்தார்கள்? நான்கு மாதத்தில் வந்த ஒரே நல்ல பேச்சு இந்த 34,000 என்றால், அடுத்த மூன்றரை மாதத்தில் 48,000 வரும் என்று எதை வைத்து நம்புவது? திருப்பூரின் ஏற்றுமதி வருடத்துக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல், அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்கு. அந்தப் பங்கு ஆட்டம் கண்டதும் உங்களைப் போலப் பலர் ஒரே சமயத்தில் பயோடேட்டாவைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள், இது வேலைக்கு எடுக்கிறவருக்கும் நன்றாகத் தெரியும்.

மச்சினன் சொன்னதற்கு வருகிறேன். அவர் பயப்படுவதில் பாதி நியாயம் இருக்கிறது. அடுத்த இடத்தில் "கடைசியா எவ்வளவு வாங்கினீங்க" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஆனால் அதற்குப் பதில் இருக்கிறது: "48 வாங்கினேன், வரி வந்தப்போ பிரிவையே குறைச்சாங்க, அந்த நேரத்துல 34-க்குச் சேர்ந்தேன், இப்ப 50 எதிர்பார்க்கறேன்." முகத்தைச் சுளிக்காமல், கதை சொல்லாமல், ஒரே மூச்சில் இதைச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். 2025-இல் என்ன நடந்தது என்று தெரியாத எச்ஆர் உங்கள் ஊரில் இருக்க முடியாது. பழைய சம்பள ஸ்லிப் மூன்று மாதத்துடையது, ரிலீவிங் லெட்டர், இரண்டையும் பத்திரமாக வையுங்கள்.

உண்மையான ஆபத்து 34-க்குச் சேர்வதில் இல்லை, அங்கேயே பழகிப்போய் உட்கார்ந்துவிடுவதில்தான். இரண்டு வருடம் அதே சம்பளத்தில் இருந்தால் இழப்பு 3,36,000, அது உங்கள் பழைய சம்பளத்தில் ஏழு மாதம். அதனால் சேருகிற அன்றைக்கே மனதில் ஒரு வருடக் கெடு வையுங்கள், தேடுவதை நிறுத்தாதீர்கள்.

அப்புறம் பேரம். கிராஜுவிட்டி கைக்கு வருகிறது என்று தெரிந்தால் குரலில் ஒரு தெம்பு வரும், அந்தத் தெம்போடு போய் 38 கேளுங்கள். 36-இல் நின்றாலும் சரி. கூட்டித் தர முடியாது என்றால், ஆறு மாதம் கழித்துச் சம்பளத்தை மறுபடி பார்ப்போம் என்று ஆபர் லெட்டரில் ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள், முதலாளி வாயால் சொல்வது ஆறு மாதத்தில் அவருக்கே மறந்துவிடும். சம்பளத்தில் இறங்கலாம், பதவியில் இறங்காதீர்கள்: லெட்டரில் சீனியர் மெர்ச்சன்டைசர் என்றே இருக்கட்டும். காஸ்டிங் (விலைக் கணக்கு) நீங்கள் போடுவீர்களா, பையரோடு நேரடியாகப் பேசுவீர்களா, அல்லது டையிங்குக்கும் நிட்டிங்குக்கும் போன் போட்டு "எப்ப வரும்" என்று கேட்கிற பாலோ அப் வேலை மட்டும்தானா என்று தெளிவாகக் கேளுங்கள். பாலோ அப் மட்டும் என்றால் எனக்கு அவ்வளவு விருப்பமில்லை, ஒரு வருடம் கழித்து அடுத்த இடத்தில் சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. இங்கிலாந்து பையர் என்பது நல்ல விஷயம், 2025 ஜூலையில் இரண்டு நாட்டுக்கும் இடையே கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தப்படி நம் ஆடைகளுக்கு அங்கே வரி இல்லை. அமெரிக்கப் பையரை மட்டும் பார்த்த மெர்ச்சன்டைசரைவிட இரண்டையும் பார்த்தவருக்கு மதிப்பு கூடும்.

34,000 என்பது முழுவதும் ஸ்லிப்பில் வருமா, பாதி வவுச்சரிலா என்பதையும் கேட்டுவிடுங்கள். பாதி கையில் வாங்கினால் நாளைக்கு அது சம்பளம் என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், மச்சினன் சொன்னது அப்போது நிஜமாகவே பலித்துவிடும். நோட்டீஸ் ஒரு மாதத்துக்கு மேல் வேண்டாம். ஒரிஜினல் சர்டிபிகேட் கேட்டால் கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் போதும். பிஎப்புக்குப் பழைய யுஏஎன் எண்ணையே (கம்பெனி மாறினாலும் மாறாத பிஎப் எண்) கொடுங்கள், அந்தப் பணத்தில் கை வைக்காதீர்கள். சீட்டையும் அவசரத்துக்குத் தள்ளி எடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: சம்பளம் குறைந்ததைச் சொந்தக்காரர்களிடம் சொல்லலாமா?

கரூர் வாசகர்

பதில்: கடன் கொடுத்தவரிடம் சொல்லுங்கள், தவணை கேட்க உதவும். மற்றவர்கள் கல்யாண வீட்டில் கேட்டால் "பரவால்லீங்க, ஓடுது" போதும்.

கேள்வி: குழந்தைக்காக நான்கு வருடம் வீட்டில் இருந்தேன். முன்பு அக்கவுண்ட்ஸில் 22,000 வாங்கினேன், டேலி, ஜிஎஸ்டி இரண்டும் தெரியும். இப்போது துவாக்குடி பக்கம் ஒரு பேப்ரிகேஷன் கம்பெனியில் 14,000 தருகிறார்கள். இடைவெளி விட்டதற்கு இதுவே அதிகம் என்கிறார்கள். கணவர் சம்பளத்தில் வீட்டுக்குக் குறை ஒன்றுமில்லை. வீடு ஸ்ரீரங்கம்.

திருச்சி வாசகி

பதில்: உங்களுக்கு என் பதில் வேறு. 14-க்குப் போகாதீர்கள்.

திருப்பூர்க்காரருக்கு நாள் எண்ணுகிற நிலை, உங்களுக்கு அது இல்லை. வீட்டுக்குக் குறை இல்லாதவர் காத்திருக்கலாம், அதுதான் உங்கள் கையில் இருக்கிற பலம், அதை முதல் ஆபரிலேயே விட்டுக்கொடுப்பானேன்? ஸ்ரீரங்கத்திலிருந்து துவாக்குடிக்குத் தினமும் பஸ், நீங்கள் வரும் வரை குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவருக்குச் சம்பளம், இதையெல்லாம் கழித்தால் 14,000-இல் கைக்கு எவ்வளவு மிஞ்சும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 18 கேளுங்கள். இடைவெளியைப் பற்றிப் பேச்செடுத்தால், மன்னிப்புக் கேட்கிற தொனி வேண்டாம், போன மாதப் பில்களைக் கொடுத்து ஜிஎஸ்டிஆர் 3பி (ஜிஎஸ்டி ரிட்டர்ன்) போட்டுக் காட்டட்டுமா என்று கேளுங்கள்.

இஎஸ்ஐ, பிஎப் இரண்டும் பிடிப்பார்களா என்றும் விசாரியுங்கள். 21,000 வரை சம்பளம் வாங்குகிறவருக்கு இஎஸ்ஐ உண்டு, நம் பங்கு 0.75 சதவீதம்தான், வைத்தியம் குடும்பத்துக்கும் சேர்த்து. அது இருக்கிற 18,000, இல்லாத 20,000-ஐவிட மேல். கம்பெனி 18-க்கு வர மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். அதுவரைக்கும் தெரிந்த கடைக்காரர்கள் இரண்டு மூன்று பேருக்கு வீட்டிலிருந்தே மாதக் கணக்குப் பாருங்கள், அடுத்த இன்டர்வியூவில் "இப்ப என்ன பண்றீங்க" என்று கேட்டால் சொல்ல ஒரு வேலை இருக்கும்.